‘ஷோ காஸ்’ கடிதம் வந்தால்: உரிய நடைமுறை என்பதன் பொருளும் அதை வேலையிடத்தில் பயன்படுத்தும் விதமும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு உதவியாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து பட்டர்வொர்த்துக்குப் பேருந்து ஏறப் போகும் நேரத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து இரண்டு பக்கக் கடிதத்தை நீட்டுகிறார். கடிதம் மலாயில் இருக்கிறது. தலைப்பு ‘சூராட் துஞ்சுக் சபாப்’, அதாவது ஆங்கிலத்தில் ‘ஷோ காஸ்’ எனப்படும் காரணம் கோரும் கடிதம். நிறுவனச் சொத்தைக் கையாள்வதில் நேர்மையின்றி நடந்துகொண்டதாகவும், 24 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. எந்த நாள், எந்தப் பொருள், யார் பார்த்தது என்பது மட்டும் இல்லை.

இப்படிக் கடிதம் பெற்றவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது, பெரும்பாலும் முதலில் கேட்பது, “மன்னிப்புக் கடிதம் எப்படி எழுதுவது?” என்பதுதான். செய்தாரா இல்லையா என்பது வேறு விஷயம். என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்பதே தெரியாத நிலையில் எழுதப்படும் மன்னிப்பு, பிற்பாடு ஒப்புதல் வாக்குமூலமாக மேசைக்கு வரும். முதலில் கேட்க வேண்டியது, “என்மீது எதைச் சொல்கிறீர்கள், எதை ஆதாரமாக வைத்துச் சொல்கிறீர்கள்?” என்பதாகும். சட்டத்தில் ‘உரிய நடைமுறை’ என்று சொல்லப்படுவதன் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

சொல்லின் பொருள்

ஒருவருடைய உயிரையோ உரிமையையோ உடைமையையோ பறிப்பதற்கு முன்பு, பறிக்கும் அதிகாரம் உள்ளவர் சில படிகளைக் கடந்தாக வேண்டும் என்பதே உரிய நடைமுறை. இங்கிலாந்தில் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவில் இந்த எண்ணம் தோன்றியது. 1354ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் அந்தச் சொற்றொடரே இடம்பெற்றது. அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம், பதினான்காம் திருத்தங்கள் அதை உலகறியச் செய்தன. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில் அந்தச் சொற்றொடர் கிடையாது. ஐந்தாவது விதியின் முதல் உட்பிரிவு, சட்டத்திற்கு இணங்க அன்றி எவருடைய உயிரையும் தனிமனித விடுதலையையும் பறிக்கக்கூடாது என்று மட்டும் கூறுகிறது. அப்படியென்றால் நாடாளுமன்றம் எதைச் சட்டமாக இயற்றினாலும் போதுமா என்ற கேள்வி எழுந்தது. சிங்கப்பூரிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஓங் ஆ சுவான் வழக்கில் 1980ஆம் ஆண்டு இறுதியில், லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதற்கு விடை சொன்னது: ‘சட்டம்’ என்ற சொல்லுக்குள் இயற்கை நீதியின், அதாவது நியாயமான விசாரணையின், அடிப்படை விதிகளும் அடங்கும். ஆசிரியர் ஒருவரின் பணிநீக்கம் குறித்த தான் தெக் செங் வழக்கில், 1996ஆம் ஆண்டு நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, ஐந்தாவது விதியில் உள்ள ‘உயிர்’ என்பது மூச்சை மட்டுமன்றி, ஒருவர் பிழைப்புக்காகச் செய்யும் தொழிலையும் உள்ளடக்கும் என்று பொருள் கொண்டது.

இருப்பினும், இந்த நாட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு இவற்றுக்கெல்லாம் மூத்தது. மலாயா போலீஸ் படையில் இன்ஸ்பெக்டராக இருந்த சுரிந்தர் சிங் காண்டா 1958இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரித்த அதிகாரியின் கையில், அவரைக் கடுமையாகக் குறைகூறிய முந்தைய விசாரணை வாரியத்தின் அறிக்கை இருந்தது. காண்டாவுக்கோ அந்த அறிக்கை உரிய நேரத்தில் காட்டப்படவில்லை. அந்நாளில் நமது இறுதி மேல்முறையீடு லண்டனுக்குச் செல்லும். 1962இல் பிரிவி கவுன்சிலில் தீர்ப்பெழுதிய டென்னிங் பிரபு, தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்மையான உரிமையாக இருக்க வேண்டுமானால், தனக்கு எதிராகச் சொல்லப்பட்டவை யாவை என்று அறியும் உரிமையும் அதனோடு சேர்ந்தே வர வேண்டும் என்று விளக்கினார். அந்த அறிக்கை விசாரணை அதிகாரியின் மனத்தை உண்மையிலேயே மாற்றியதா என்று நீதிமன்றம் ஆராயத் தேவையில்லை, மாற்றியிருக்கக்கூடும் என்பதே போதும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். பணிநீக்கம் செல்லாது என்றானது. மலாயாவிலிருந்து போன இந்த வழக்கை இன்று பல நாடுகளின் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். நம் கிடங்கு உதவியாளருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காண்டா அரசு ஊழியர். அரசு ஊழியருக்கு அரசியலமைப்பின் 135ஆவது விதியே, தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமல் பணிநீக்கமோ பதவிக் குறைப்போ கூடாது என்று காவல் நிற்கிறது. தனியார் நிறுவன ஊழியருக்கு அந்தக் காவல் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவிலிருந்து கிடைக்கிறது. வேலை ஒப்பந்தத்திற்குப் பொருந்தாத ஒழுங்கீனம் நிகழ்ந்திருந்தால், ‘உரிய விசாரணைக்குப் பிறகு’ முன்னறிவிப்பின்றிப் பணிநீக்கம் செய்யலாம், பதவி இறக்கலாம், அல்லது அதைவிடக் குறைந்த தண்டனை தரலாம் என்கிறது அப்பிரிவு. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் சம்பள அளவு பாராமல் பொதுவாக எல்லா ஊழியர்களும் இச்சட்டத்தின்கீழ் வந்துவிட்டார்கள் என்பதால், “நான் மேனேஜர், எனக்கு இது பொருந்தாது” என்று ஒதுங்கத் தேவையில்லை.

கடிதம் கைக்கு வந்த அன்று

கடிதத்தை வாங்க மறுப்பதால் எந்த நன்மையும் இல்லை. வாங்கிக்கொண்டு, கையொப்பம் இடும் இடத்தில் கடிதம் கிடைத்தது என்பதை மட்டும் குறிக்கும் வகையில் ‘தெரிமா’ என்று எழுதி, தேதியையும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். உள்ளடக்கத்தை ஏற்பதாக அச்சிடப்பட்ட வரி ஏதேனும் இருந்தால், அதை நேர்க்கோட்டால் அடித்துவிட்டுக் கையொப்பம் இடலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள கடிதம் முழுமையாகப் புரியவில்லை என்றால், புரிந்ததுபோல் தலையாட்டக்கூடாது. நம்மில் பலர் அலுவலக அறையில் வெட்கப்பட்டே எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

விளக்கம் தர இத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. நியாயமான அவகாசம் வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே 24 மணி நேரம் போதாதென்றால், அந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அவகாசம் கேட்டு எழுத வேண்டும்; பேசாமல் இருந்தால், விளக்கம் தர ஒன்றுமில்லை என்று பதிவு செய்துவிடுவார்கள். நம் கிடங்கு உதவியாளர் எழுத வேண்டிய பதிலின் கருத்து ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “தங்கள் கடிதம் இன்ன தேதியில் கிடைத்தது. குற்றச்சாட்டை நான் மறுக்கிறேன். எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பொருள் தொடர்பாக, நிறுவன விதிகளின் எந்தப் பிரிவை நான் மீறினேன் என்று கடிதத்தில் குறிப்பிடப்படாததால் முழு விளக்கம் தர இயலவில்லை. அந்த விவரங்களையும், தாங்கள் ஆதாரமாகக் கொள்ளும் கிடங்குப் பதிவேடு, கேமரா பதிவு, புகார்க் கடிதம் ஆகியவற்றின் நகலையும் தந்து, அவை கிடைத்த நாளிலிருந்து ஏழு நாள் அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இவ்வளவு போதும். குடும்பக் கஷ்டத்தையோ பதினைந்து ஆண்டு உழைப்பையோ மேற்பார்வையாளருடன் இருந்த பழைய பகையையோ இக்கடிதத்தில் சேர்க்க வேண்டாம். கஷ்டத்தையும் சேவைக் காலத்தையும் சொல்ல, தண்டனையைப் பற்றிப் பேசும் கட்டத்தில் இடம் வரும். உண்மையிலேயே தவறு செய்திருந்தால் பொய் சொல்லி மறுக்கக்கூடாது. அப்போதும் விவரம் கேட்கும் உரிமை இருக்கிறது, ஏனெனில் செய்த தவறு ஒன்றாகவும் சாட்டப்படும் தவறு வேறாகவும் இருக்கக்கூடும்.

இந்தக் கட்டத்தில் மிக ஆபத்தானது அந்தக் கடிதம் அல்ல. அதற்குப் பின்னால் அன்பாக வரும் அறிவுரைதான். “தம்பி, டி.ஐ. (உள்விசாரணை) என்று போனால் பெயர் கெடும், நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த வேலைக்கு நல்லது” என்று யாரேனும் சொல்வார்கள். சொல்பவர் சில வேளைகளில் நம் ஊர்க்காரராகவும் இருப்பார். பணிநீக்கம் செய்யப்பட்டவர் வழக்குக்குப் போனால், நீக்கியதற்குத் தக்க காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின்மேல் விழும். ராஜினாமா எழுதிக் கொடுத்தவரோ, அது கட்டாயத்தின்பேரில் எழுதப்பட்டது என்பதை முதலில் தானே நிரூபிக்க வேண்டும். ஒரு தாளில் இடும் கையெழுத்தால் சுமை இடம் மாறிவிடுகிறது. நெருக்குதல் இருந்தால், யார், எந்த அறையில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதிவைத்து, நம்பிக்கையான ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். அனுப்பிய நேரம் அதில் பதிவாகியிருக்கும்.

விசாரணைக்காகப் பணி இடைநீக்கம் செய்வதற்கு நிறுவனத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால் 14ஆவது பிரிவின்படி அது ஒரு வாரத்தைத் தாண்டக்கூடாது. அந்த வாரத்திற்குப் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். ஒழுங்கீனம் எதுவும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால் பிடித்துவைத்த மீதியையும் தந்துவிட வேண்டும். இடைநீக்க நாட்களில் தொழிற்சாலைக்குள் போக முடியாது என்பதால், தேவையான பதிவேடுகளையும் சாட்சிகளின் பெயர்களையும் எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. கேமரா பதிவு மிக அவசரமானது. பல இடங்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறி அழிந்துவிடும்; எனவே குறிப்பிட்ட நாளின் பதிவைப் பாதுகாக்கும்படி உடனே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

விசாரணை அறைக்குள்

டி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் உள்விசாரணை நீதிமன்றம் அல்ல. ஆயினும் அதற்கு இரண்டு தூண்கள் உண்டு: தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தருவது ஒன்று, தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்பது மற்றொன்று. குற்றச்சாட்டுப் பத்திரமும் விசாரணை நாளும் எழுத்தில் வர வேண்டும். புகார் கொடுத்த மேற்பார்வையாளரோ, புகாரைத் துப்பறிந்தவரோ, சாட்சி சொல்லப் போகிறவரோ விசாரணைக் குழுவில் உட்காரக்கூடாது. அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், விசாரணை தொடங்கும் முன்பே எழுந்து, இன்னார் குழுவில் இருப்பதை எதிர்க்கிறேன், என் எதிர்ப்பைக் குறிப்பில் எழுதுங்கள் என்று சொல்ல வேண்டும். சண்டை போடவோ வெளியேறவோ வேண்டாம். வெளியேறினால் நீங்கள் இல்லாமலே விசாரித்து முடித்துவிடுவார்கள், பிறகு வாய்ப்புத் தரப்படவில்லை என்று சொல்வதும் கடினமாகிவிடும்.

வழக்கறிஞரை அழைத்துச் செல்லும் உரிமை உள்விசாரணையில் தானாக வந்துவிடாது. நிறுவன விதி இடம் கொடுத்தால்தான் உண்டு. சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ பல நிறுவனங்களின் கையேடும் கூட்டு ஒப்பந்தங்களும் அனுமதிக்கின்றன. கையேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. தமிழில்தான் சரளமாகப் பேச முடியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். “நல்லாத்தான் மலாய் பேசுறீங்களே” என்பார்கள். கேண்டீனில் பேசும் மலாய் வேறு, குறுக்கு விசாரணை செய்யும் மலாய் வேறு.

விசாரணையில் முதலில் நிறுவனத்தின் சாட்சிகள் பேசுவார்கள். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. நீளமாகப் பேசத் தேவையில்லை. “நான் அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றியதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா, அல்லது ஒருவர் சொல்லக் கேட்டீர்களா?” “அன்றைய சாவி யாரிடம் இருந்தது?” “இருப்புக் கணக்கு கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது?” என்பன போன்ற, ஆம் இல்லை என்றோ ஒரு பெயராலோ தேதியாலோ பதில் வரக்கூடிய கேள்விகளைக் கேட்டால் போதும். கிடங்கு உதவியாளரின் வழக்கில் உண்மையான திருப்பம் பெரும்பாலும் சாவியில்தான் இருக்கும். மூன்று ஷிப்டுக்கும் ஒரே சாவி, எழுதிவைக்கப்படாத ஒப்படைப்பு, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு என்றால், காணாமற்போன பொருள் எந்த ஷிப்டில் போனது என்று எவராலும் சொல்ல முடியாது. பின்னர் உங்கள் சாட்சிகளை அழைக்கலாம். சாட்சி சொல்ல வருவதாக வாக்களித்த நண்பர்கள் அன்று காலையில் மருத்துவ விடுப்பில் போவது வழக்கமான காட்சி என்பதால், ஒரே சாட்சியை நம்பி இருக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட விசாரணைக் குறிப்புகளில் கண் வைக்க வேண்டும் என்பேன். ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகே கையொப்பம் இட வேண்டும். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அந்தப் பக்கத்திலேயே அதை எழுதிக் கையொப்பமிட்டு, நகல் கேட்க வேண்டும். நகல் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதை அன்று மாலையே மின்னஞ்சலில் நன்றியோடு குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். ஏன் இத்தனை அக்கறை என்பது நீதிமன்றத்துக்குப் போனால் புரியும். உள்விசாரணை ஒழுங்காக நடந்து, குறிப்புகளும் சரியாக இருந்தால், பணிநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழிலியல் நீதிமன்றம் அவற்றுக்கு மதிப்புக் கொடுத்துப் பார்க்கும்.

இங்கே பலரைத் திடுக்கிட வைக்கும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். விசாரணையே நடத்தாமல் நீக்கிவிட்டார்கள், ஆகவே வெற்றி நிச்சயம் என்று நம்பி வருபவர்கள் உண்டு. டிரீம்லேண்ட் நிறுவன வழக்கில் 1988ஆம் ஆண்டிலும், ஹோங் லியோங் காப்புறுதி நிறுவனத்திற்கு எதிராக வோங் யுயென் ஹொக் தொடுத்த வழக்கில் 1995ஆம் ஆண்டிலும், நாட்டின் உச்ச நிலை நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தது: உள்விசாரணை நடத்தாததோ அதில் குறை இருந்ததோ மட்டுமே பணிநீக்கத்தை நியாயமற்றதாக்கிவிடாது, தொழிலியல் நீதிமன்றத்தில் ஆதாரங்களைப் புதிதாக முன்வைத்து அக்குறையை நிறுவனம் சரிசெய்துகொள்ளலாம். ஆகவே நிறுவனம் நடைமுறையைத் தவறவிட்டதைச் சுட்டிக்காட்டுவது பாதி வேலைதான். குற்றச்சாட்டு உண்மையல்ல என்பதற்கான சாவிப் பதிவு, பணி நேரப் பட்டியல், குறுஞ்செய்தி ஆகியவற்றைச் சேர்த்துவைப்பது மறுபாதி. இந்தத் தீர்ப்புகள் சோம்பலான முதலாளிகளுக்குச் சற்று வசதியாகிவிட்டன என்பது என் கருத்து. ஆயினும் நடப்பிலுள்ள சட்டம் இதுதான், இதை மறைத்து ஆறுதல் சொல்வதில் பயனில்லை.

அறுபது நாள்

பணிநீக்கக் கடிதம் வந்துவிட்டால், 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ், மீண்டும் பணியில் அமர்த்தக் கோரி 60 நாட்களுக்குள் மனு செய்ய வேண்டும். இவை வேலை நாட்கள் அல்ல. ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் சேரும். மார்ச் 3ஆம் தேதி நீக்கப்பட்டவருக்கு மே 2ஆம் தேதியோடு கதவு மூடிவிடும். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்திருக்கிறேன், பதில் வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். உள் மேல்முறையீடு ஒரு பக்கம் நடக்கட்டும். மனு மறுபக்கம் போய்ச் சேரட்டும்.

எந்த அலுவலகம் என்பதிலும் குழப்பம் உண்டு. சம்பளப் பாக்கிக்கும் கூடுதல் நேர ஊதியத்துக்கும் தொழிலாளர் இலாகா, பணிநீக்கத்துக்குத் தொழிலுறவு இலாகா. பெயர்ப்பலகையில் ‘ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹான்’ என்றிருக்கும். பினாங்கிலும் அதற்கு அலுவலகம் உண்டு. தவறான கவுண்டரில் மூன்று வாரம் அலைந்துவிட்டு 61ஆம் நாளில் சரியான கவுண்டருக்கு வந்தால், அலைந்ததற்காக யாரும் நாட்களைத் திருப்பித் தரமாட்டார்கள். அரசு ஊழியர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கோர வேண்டும், அதற்கு மூன்று மாதக் கெடு.

மனு கிடைத்ததும் இலாகா இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அழைக்கும். அதில் வழக்கறிஞர்கள் பேச முடியாது என்பது சாதாரணத் தொழிலாளிக்கு ஒருவகையில் வசதிதான். நிறுவனம் ஒரு தொகையைச் சொல்லி முடித்துக்கொள்ளக் கேட்டால், அன்றே சரி என்று சொல்லும் கட்டாயமில்லை. ஆனால் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் பயனில்லை. சமரசம் ஏற்படாவிட்டால், 2021 ஜனவரி 1 முதல், அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல் இலாகாவின் தலைமை இயக்குநரே வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

அந்த நீதிமன்றம் சட்ட நுணுக்கங்களில் சிக்கிக்கொள்ளாமல், நேர்மை, மனச்சான்று, வழக்கின் உள்ளடக்கம் ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குற்றச்சாட்டு திருட்டாகவே இருந்தாலும், குற்றவியல் நீதிமன்றத்தில்போல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்று பார்த்தால் போதும் என்று கிருஷ்ணன் குட்டி வழக்கில் 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே நிறுவனம் போலீசிலும் புகார் செய்து, போலீஸ் வழக்கு எதுவும் போடாமல் விட்டுவிட்டாலும், அதனாலேயே வேலை திரும்பக் கிடைத்துவிடாது. இரண்டும் வெவ்வேறு பாதைகள்.

வென்றால், நீதிமன்றம் மீண்டும் வேலையில் அமர்த்த உத்தரவிடலாம், அல்லது அதற்குப் பதிலாக இழப்பீடு வழங்கலாம். நிலுவைச் சம்பளத்திற்கு 24 மாதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. தகுதிகாண் பருவத்தில் இருந்தவருக்கு 12 மாதம். இடையில் வேறு வேலை பார்த்துச் சம்பாதித்ததைக் கருதி அத்தொகையில் கழிவும் இருக்கும். அதற்காக வழக்கு முடியும்வரை வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டே வழக்கை நடத்தலாம். புதிய வேலையின் சம்பளச் சீட்டுகளையும், கிடைக்காமல் போன வேலைகளுக்கு அனுப்பிய விண்ணப்பங்களையும், பழைய கடிதங்கள் இருக்கும் அதே கோப்பில் தேதி வரிசையில் அடுக்கிவைத்தால், சாட்சிக் கூண்டில் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.